அமெரிக்க அதிபர் அரசியலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிப்பது எப்படி

திருவல்லிக்கேணியில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு ஒரு காலத்தில் ஆறு பேப்பர் வரும். நாலு பொதுப் பேப்பர், இரண்டு கட்சிப் பேப்பர்: முரசொலி, நமது எம்.ஜி.ஆர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கட்சிப் பேப்பர் இரண்டையும்தான் முதலில் கேட்டு வாங்குவார். முந்தின நாள் நடந்த பொதுக்கூட்டத்துக்குக் கடலெனக் கூட்டம் திரண்டதாக ஒன்றில் போட்டிருக்கும். இன்னொன்றில் காலி நாற்காலிப் படம் இருக்கும். இரண்டையும் மடித்து வைத்துவிட்டு, "ஒரு பதினஞ்சாயிரம் பேரு வந்திருப்பான், மழை வேற" என்பார். பெஞ்சில் யாரும் மறுத்ததில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இந்தப் படிப்பு தானாகவே வந்துவிடும். கட்சிக்கு ஒரு பேப்பர், கட்சிக்கு ஒரு டி.வி. என்று பழகியவர்கள் நாம். சேனலின் சின்னத்தைப் பார்த்ததுமே எத்தனை பங்கு கழிக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். ஆனால் கோட்டுப் போட்ட ஒருவர் ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்தால் கணக்கு மறந்துபோகிறது. குடியரசுக் கட்சி டிரம்ப் பற்றியும் ஜனநாயகக் கட்சி பைடன் பற்றியும் அங்கிருந்து வருவதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுகிறோம். பெரியவர் கட்சிப் பேப்பரைப் படித்த மாதிரியே அமெரிக்கச் செய்தியையும் படிக்கலாம். எப்படி என்று சொல்லத்தான் இது.

நான் யார் என்றால், சென்னையில் ஒரு மாலைப் பத்திரிகையில் 30 வருஷம் வெளிநாட்டுச் செய்தி பார்த்த சப் எடிட்டர். ரீகன் காலத்தில் டெலிபிரிண்டர் காகிதம் கிழித்து ஆரம்பித்தேன், ஒபாமா காலத்தில் ஓய்வு பெற்றேன். கீழே சொல்லும் தப்புகளில் பாதி நானே செய்தவை.

முதலில் உங்கள் கட்சியை எழுதி வையுங்கள்

ஒரு துண்டுச் சீட்டில், அமெரிக்காவில் நீங்கள் யார் பக்கம், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். நடுநிலை என்று மட்டும் எழுதாதீர்கள். நடுநிலைக்காரர் விடியற்காலை எழுந்து அமெரிக்க டி.வி. பார்க்க மாட்டார்.

என் சீட்டில் இருப்பது: "ஜனநாயகக் கட்சி. காரணம் அப்பா." எங்கள் வீட்டுக் கூடத்தில் காமராஜருக்குப் பக்கத்தில் கென்னடி இருந்தார், காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட படம். 1971 டிசம்பரில், வங்கதேசப் போர் நடந்தபோது, குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். அப்பா அன்று சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போய், கப்பல் தெரிந்துவிடும் என்பது மாதிரி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு 15 வயது. நிக்சன் கட்சியை எங்கள் வீடு அன்றோடு தலைமுழுகியது. பிற்பாடு, 2008இல், இந்தியாவோடு அணுசக்தி ஒப்பந்தத்தை முடித்தவர் அதே கட்சிக்காரரான புஷ்தான். அதை நானே மொழிபெயர்த்துப் பக்கம் கட்டினேன். அப்போதும் மனசு மாறவில்லை.

இந்தச் சாய்வு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். டாலஸில் இருக்கும் என் அக்கா மகன் டிரம்ப் ஆள். 2024 முற்பகுதியில் பைடன் தடுமாறும் வீடியோக்களாக அனுப்பிக்கொண்டிருந்தான். "வெட்டி ஒட்டினது" என்று பதில் போட்டேன். வெள்ளை மாளிகையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. சில வீடியோக்கள் தோதாக வெட்டப்பட்டவைதான், மறுக்கவில்லை. ஜூன் 28, நம் நேரம் காலை ஆறரைக்கு இரண்டு பேரும் விவாத மேடையில் நின்றார்கள். பத்து நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த காபியில் ஆடை கட்டிவிட்டது. ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்தே விலகினார்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? நவம்பர் தொடக்கத்தில் அயோவா மாநிலத்தில் பைடன் இடத்தில் நின்ற கமலா ஹாரிஸ் 3 சதவீதப் புள்ளி முன்னிலை என்று ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. எடுத்தவர் முந்தைய தேர்தல்களில் சரியாகச் சொல்லிப் பேர் வாங்கியவர். மூன்று ஆச்சரியக்குறியோடு குரூப்பில் போட்டேன். டிரம்ப் அங்கே 13 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். கணிப்புத் தவறியது எடுத்தவர் பாடு. ஆனால் அதே வாரம் வந்த வேறு கணிப்பு ஒன்றைக்கூட நான் அனுப்பவில்லையே, அது என் பாடு.

சீட்டை டி.வி. ரிமோட்டோடு வையுங்கள். கசக்கிற செய்தியை நாம் எப்படியும் தோண்டிப் பார்ப்போம். இனிக்கிற செய்தி வந்தால்தான் சீட்டை எடுக்க வேண்டும். அதே செய்தியை எதிர்ப்பக்கத்துப் பத்திரிகையும், வேண்டாவெறுப்பாகவாவது, போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். போட்டிருந்தால் நடந்திருக்கிறது.

நம் பத்திரிகைகளுக்கு இன்னொரு சாய்வும் உண்டு, ஊர்ச் சாய்வு. கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். பெசன்ட் நகர் கடற்கரையில் தாத்தாவோடு நடந்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 2020 மாநாட்டுப் பேச்சில் "சித்தி" என்ற சொல்லையே சொன்னார், சென்னையே கொண்டாடியது. 2024இல் துளசேந்திரபுரம் கோயிலில் நடந்த பூஜைக்குத் தமிழ் சேனல்கள் கொடுத்த நேரத்தில் கால்வாசியைப் பென்சில்வேனியா விலைவாசிக்குக் கொடுத்திருந்தால் நவம்பர் 6 அன்று நமக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராக விவேக் ராமசாமி முயன்றபோதும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் என்று அதே குதூகலம். ஊர்ச் சாய்வு கட்சி பார்க்காது.

நம் காபி நேரம் அவர்களுடைய கூச்சல் நேரம்

வாஷிங்டனுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை மணி நேரம் இடைவெளி. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே காலை ஐந்தரையோ ஆறரையோ. அமெரிக்கச் செய்திச் சேனல்களில் இரவு எட்டுக்கு மேல் ஓடுவது பெரும்பாலும் செய்தி இல்லை, ஆளின் பெயரில் ஓடும் கருத்து நிகழ்ச்சி. அதாவது பால் பாக்கெட் வந்து, டிகாக்‌ஷன் இறங்கி, நாம் யூடியூபைத் திறக்கும் நேரத்தில் கண்ணில் படுவது அந்த நாட்டின் நாள் முழுவதிலும் சூடான மூன்று மணி நேரம். நம்முடைய ஒன்பது மணி விவாதத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒருவன் தமிழ்நாட்டை எடை போட்டால் என்ன ஆகும்?

அதனால் நேரத்தை மாற்றுங்கள். சாயங்காலம் ஏழரைக்கு மேல் பாருங்கள். அங்கே காலை, நிருபர்கள் வேலை செய்யும் நேரம். இல்லை, காலையில் டி.வி.யை விட்டுவிட்டு எழுத்தில் படியுங்கள். அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.), ராய்ட்டர்ஸ் இரண்டும் செய்தி நிறுவனங்கள். எல்லாக் கட்சிப் பத்திரிகைக்கும் விற்க வேண்டியவர்கள் என்பதால் வார்த்தையை எண்ணிப் போடுவார்கள். சப்பென்றுதான் இருக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

அமெரிக்க டி.வி. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று வானொலி, டி.வி. நிலையங்களுக்கு 1949இல் ஒரு விதி வந்தது, 1987இல் அதை எடுத்துவிட்டார்கள், அன்றோடு கெட்டது என்று. பாதிதான் சரி. அந்த விதி அரசு அலைவரிசையில் ஒளிபரப்பிய நிலையங்களுக்கு. கேபிள் சேனல்களை அது கட்டுப்படுத்தியதே இல்லை. ஃபாக்ஸ் நியூஸ், எம்.எஸ்.என்.பி.சி. இரண்டுமே 1996இல் கேபிளில் பிறந்தவை. பின்னது 2025 நவம்பரிலிருந்து எம்.எஸ். நவ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒன்று குடியரசுக் கட்சிப் பக்கம், மற்றது ஜனநாயகக் கட்சிப் பக்கம்.

ஆனால் நம் கணக்கை அப்படியே அங்கே போட்டுவிட முடியாது. முரசொலி யாருடையது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அங்கே எந்தச் சேனலும் கட்சிக்குச் சொந்தம் இல்லை, நாங்கள் கட்சிக்காரர்கள் என்று யாரும் ஒப்புக்கொள்வதும் இல்லை. அதைவிட முக்கியம், ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு எரியும். 2020 தேர்தல் இரவில் அரிசோனாவைப் பைடன் ஜெயித்துவிட்டார் என்று முதலில் சொன்ன பெரிய சேனல் எது தெரியுமா? ஃபாக்ஸ் நியூஸ். நம் நேரம் நவம்பர் 4 காலை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும். டிரம்ப் தரப்பு கொதித்தது, வாபஸ் வாங்கச் சொன்னது. வாங்கவில்லை. மற்றப் பெரிய சேனல்கள் பல நாள் காத்திருந்தன. கடைசியில் பைடன் அங்கே ஜெயித்தது 10,457 வாக்கில். அது சேனலின் கணக்குப் பிரிவு செய்த வேலை. அதே சேனலில், அதற்கடுத்த வாரங்களில், டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் முடிவை மாற்றிவிட்டன என்ற பொய் கருத்து நிகழ்ச்சிகளில் ஓடியது. டொமினியன் வழக்குப் போட்டது. 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஆகவே, "ஃபாக்ஸ் சொன்னால் பொய்", "நியூயார்க் டைம்ஸ் சொன்னால் மெய்" என்று பலகை மாட்டாதீர்கள். எந்த அடுப்பில் வெந்தது என்று பாருங்கள். எழுத்தில் என்றால் தலைப்புக்கு மேலே "கருத்து" என்ற சிறு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது முதலில் வெட்டுப்படுவது அந்தச் சொல்தான்.

எழுவாய் எங்கே?

இது எங்கள் டெஸ்க் தந்திரம். காசு செலவில்லை. ஆங்கில வாக்கியத்தை எடுத்து மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். யார், என்ன செய்தார், எப்போது. எழுவாய், பயனிலை கிடைத்தால் செய்தி. "கேள்வி எழுந்துள்ளது", "கவலை அதிகரித்துள்ளது", "சர்ச்சை வெடித்தது" என்று மட்டும் வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். கேள்வி தானாக எழாது. யாரோ எழுப்பியிருக்கிறார்கள், அவர் பெயரைச் சொல்ல எழுதினவருக்கு விருப்பமில்லை.

அப்புறம் வினைச்சொல். "சொன்னார்" என்ற சொல்லை எங்கள் தொழிலில் ஏனோ யாருக்கும் பிடிப்பதில்லை. விளாசினார், பதிலடி கொடுத்தார், பகீர் கிளப்பினார், கொந்தளித்தார். நானே வருஷத்துக்கு நூறு தடவை டிரம்புக்கு முந்தின அதிபர்களைக் கொந்தளிக்க விட்டிருக்கிறேன். ஒபாமா மாதிரி நிதானமான ஆளை "ஆவேசம்" என்று போட்ட பாவமும் உண்டு. எல்லாவற்றையும் அடித்துவிட்டு "சொன்னார்" என்று போட்டுப் படியுங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் ஏதாவது இருந்தால் அதுதான் செய்தி.

கூட்டக் கணக்கில் மட்டும் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரி 20 டிரம்ப் பதவியேற்றார். மறுநாளே அவருடைய செய்திச் செயலாளர் நிருபர்களைக் கூப்பிட்டு, பதவியேற்பு விழா வரலாற்றிலேயே இதுதான் பெரிய பார்வையாளர் கூட்டம் என்றார். 2009 ஒபாமா விழாப் படத்தை இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பத்திரிகைகள் போட்டன. அதற்கு மறுநாள் டிரம்பின் ஆலோசகர் டி.வி.யில், செயலாளர் கொடுத்தது "மாற்று உண்மைகள்" என்று சொன்னார். உலகமே வியந்தது. எங்கள் துறைமுகப் பெரியவர் அப்போது இல்லை. இருந்திருந்தால் படத்தைப் பார்த்து ஒரு எண் சொல்லியிருப்பார்.

வெட்டின பேச்சு

பத்து விநாடி வீடியோ வந்தால் அதற்கு முன்னால் இரண்டு நிமிஷம், பின்னால் இரண்டு நிமிஷம் பாருங்கள். சி-ஸ்பான் என்ற சேனல் 1979 முதல் பேச்சுகளை வெட்டாமல் போடுகிறது. சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அதிபர்களின் பேச்சு, ஆவணங்களை எல்லாம் தொகுத்து வைத்திருக்கிறது. இரண்டும் இலவசமாகப் பார்க்கலாம்.

2024 மார்ச்சில் ஒஹையோ கூட்டத்தில், நான் ஜெயிக்காவிட்டால் ரத்தக்களரிதான் (ஆங்கிலத்தில் "பிளட்பாத்") என்று டிரம்ப் சொன்னதாக ஒரு துண்டு வந்தது. இங்கே "ரத்த ஆறு ஓடும்: டிரம்ப் மிரட்டல்" என்கிற ரீதியில் பரவியது. முழுப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு முன்னால் இருப்பது கார் தொழில். மெக்சிகோவில் சீனக் கம்பெனிகள் கட்டும் கார்களுக்கு 100 சதவீத வரி என்று பேசிக்கொண்டு வந்தவர் அதைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் வியாபாரப் பெருநஷ்டத்துக்கும் அந்தச் சொல்லைப் போடுவார்கள். இல்லை, அவர் கார்களை மட்டும் சொல்லவில்லை என்று வாதாடுபவர்களும் உண்டு. வாதாடட்டும், கேட்டுவிட்டு வாதாடட்டும்.

என் பக்கத்திலும் ஒன்று. எனக்கு இது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இது ப்ரூஃப் ரீடர் சண்டை. 2024 அக்டோபரில் டிரம்ப் கூட்ட மேடையில் ஒரு நகைச்சுவைக்காரர் அமெரிக்க ஆட்சியில் இருக்கும் போர்ட்டோ ரீக்கோவை மிதக்கும் குப்பைத் தீவு என்றார். இரண்டு நாள் கழித்துப் பைடன், என் கண்ணில் படும் ஒரே குப்பை அவருடைய "ஆதரவாளர்கள்" என்றாரா, அவருடைய "ஆதரவாளருடைய" வெறுப்புப் பேச்சு என்றாரா? ஆங்கிலத்தில் இரண்டும் காதுக்கு ஒன்றே. எழுத்தில் மேலே ஒரு சிறு கொக்கி (அபாஸ்ட்ரஃபி) எங்கே விழுகிறது என்பதுதான் வித்தியாசம். வெள்ளை மாளிகை வெளியிட்ட பிரதியில் கொக்கி பைடனைக் காப்பாற்றும் இடத்தில் இருந்தது. அங்கே பேச்சைப் பதிவு செய்யும் சுருக்கெழுத்தர்கள் தரப்பே அந்த மாற்றத்துக்கு ஆட்சேபம் தெரிவித்ததை ஏ.பி. வெளியிட்டது. தமிழாக இருந்தால் வாயைத் திறந்ததுமே தெரிந்திருக்கும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம்

மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் என்றால் 100 கோடி. இதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தும் ஒரு முறை பில்லியனைக் கோடி ஆக்கி அமெரிக்காவின் பற்றாக்குறையை நூறில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறேன். ஒரு வாசகர் தபால் அட்டையில் நன்றி தெரிவித்தார்.

நாடு முழுக்க யார் முன்னிலை என்ற கணிப்பை ஓரக்கண்ணால் மட்டும் பாருங்கள். அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுத்த எலக்டோரல் வாக்கு. மொத்தம் 538, 270 வாங்கினால் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் அந்த மாநிலத்து வாக்கு முழுவதும் அவருக்கே. 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்கச் சுமார் 28.7 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கித் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து டிரம்பின் அதிகப்படி சுமார் 78,000. நம் சட்டமன்றத் தொகுதி ஒன்றில் இருக்கும் வாக்காளர்களில் பாதிகூட வராது. இன்னொன்று, ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஒவ்வொருவர் எண்ணும் 3 புள்ளி மேலே கீழே போகலாம். அதனால் 2 புள்ளி முன்னிலை என்பதை "சமம்" என்று படியுங்கள்.

வரைபடத்தில் சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி. நமக்குச் சிவப்பு என்றாலே அரிவாள் சுத்தியல்தான் ஞாபகம் வரும், அதனால் இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஒரு நொடி குழம்பும். அங்கேயும் இது பழைய வழக்கம் இல்லை, 2000 தேர்தலில்தான் நிலைத்தது.

"வெற்றி" என்ற சொல்லை எப்போது நம்புவது

அதே 2000 தேர்தல்தான் என் கழுத்தைப் பிடித்தது. நவம்பர் 8, புதன்கிழமை. மாலைப் பத்திரிகைக்குப் பக்கம் மூடும் நேரம் மதியம் பன்னிரண்டரை, இழுத்தால் ஒன்று. அன்று காலை ஆறேகாலுக்கே அமெரிக்க சேனல்கள் ஃபுளோரிடாவை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்குக் கொடுத்துவிட்டு, எட்டரை வாக்கில் திரும்பப் பிடுங்கிக்கொண்டன. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு டி.வி.யில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லோரும் ஃபுளோரிடா புஷ்ஷுக்கு, அதனால் அதிபர் புஷ் என்றார்கள்.

செய்தி ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏஜென்சி போட்டிருக்கானா?"

"சி.என்.என்.லயே வந்தாச்சு சார்" என்றேன்.

பிளேட் போயிற்று. "புஷ் வெற்றி" என்று பக்க அகலம் முழுக்க எட்டுக் காலத் தலைப்பு. பெட்டிக்கடைகளில் தொங்க விடும் போஸ்டரும் அதே. கட்டுகள் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் போய்ச் சேர்ந்த நேரத்தில், இரண்டரை மணிக்கு, சேனல்கள் மறுபடி பிடுங்கிக்கொண்டன. புஷ்ஷுக்கு போன் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்ட கோர், இன்னொரு போன் போட்டு அதை வாபஸ் வாங்கியிருந்தார். ஏ.பி. மட்டும் அன்று ஃபுளோரிடாவை யாருக்கும் கொடுக்கவே இல்லை. அந்த நிறுவனம் 1848லிருந்து அதிபர் தேர்தல் ஓட்டுகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அர்த்தம் அதுதான். ஃபுளோரிடாவில் கடைசி வித்தியாசம் 537 ஓட்டு. உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12இல் தீர்ப்புச் சொல்லி, 13இல் கோர் ஒப்புக்கொண்டார். என் தலைப்பு சரியானதுதான், 35 நாள் சீக்கிரம் வந்துவிட்டது. அந்தப் போஸ்டரில் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருந்து முடிவை அறிவிக்கும். அங்கே தேர்தல் நடத்துவது அந்தந்த மாநிலம். இரவில் "ஜெயித்தார்" என்று சொல்வது ஊடகங்கள், அதாவது கணக்குப் போட்டுச் சொல்லும் ஊகம், பெரும்பாலும் சரியான ஊகம். மாநிலங்கள் சான்றளிப்பது பிறகு, எலக்டோரல் வாக்கு டிசம்பரில், நாடாளுமன்றத்தில் எண்ணுவது ஜனவரி 6. ஆகவே ஒரு சேனல் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஏ.பி.யும் சொன்னால் இனிப்பு வாங்குங்கள். 2024இல் ஏ.பி. டிரம்புக்கு அறிவித்தபோது நமக்கு மாலை நாலு மணி நாலு நிமிஷம்.

முன்னிலை மாறுவதைப் பார்த்து மோசடி என்று பதறவும் வேண்டாம். நம் ஊரில் தபால் ஓட்டை முதலில் எண்ணுகிறோம். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலைவரை தபால் உறையைப் பிரிக்கவே சட்டம் விடாது. 2020இல் அங்கே ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான் தபாலில் அதிகம் போட்டார்கள், அதனால் முதல் நாள் டிரம்ப் முன்னிலை, நாலாம் நாள் பைடன். எண்ணுகிற வரிசைதான் காரணம்.

விசா செய்தி வந்தால்

சென்னைக்காரருக்கு இதுதான் வயிற்றைக் கலக்கும் இடம். 2025 செப்டம்பர் 20 சனிக்கிழமை விடிந்தபோது, எச்-1பி வேலை விசாவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார். கிட்டத்தட்ட 88 லட்சம் ரூபாய். வணிகத்துறை அமைச்சர் நிருபர்களிடம் அது வருஷா வருஷம் என்றார். ஞாயிறு காலை நம் நேரம் ஒன்பதரைக்கு அமல். என் அக்கா மகன், அதே டிரம்ப் ஆள், மகாளய அமாவாசைக்கு அவன் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய இங்கே வந்திருந்தான். அமாவாசை அந்த ஞாயிறு. டாலஸிலிருந்து மனைவி அழுகிறாள், ஆபீஸிலிருந்து உடனே திரும்பு என்று மெயில். சென்னையிலிருந்து எப்படிப் பறந்தாலும் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. ஆனாலும் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறியது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. டி.வி.யை அணைத்துவிட்டு, வெள்ளை மாளிகைத் தளத்தில் அந்த ஆணையைத் திறந்து, இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம். கட்டணம் வருஷா வருஷம் என்று அதில் இல்லை. ஏற்கெனவே விசா வைத்திருப்பவரின் கதி என்ன என்பதும் தெளிவாக இல்லை, அதை நான் மறைக்கவில்லை. ஒரு காகிதத்தில் மூன்று பத்தி போட்டேன்: ஆணையில் உள்ளது, அமைச்சர் வாயால் சொன்னது, சேனல்காரன் சேர்த்தது. பயத்தில் முக்கால்வாசி இரண்டாவது, மூன்றாவது பத்தியில்தான் இருந்தது. "ராத்திரி வரை டிக்கெட் போடாதடா" என்றேன். ஞாயிறு அதிகாலையில் வெள்ளை மாளிகைச் செய்திச் செயலாளர் விளக்கம் போட்டார்: ஒரே முறைதான், புது விசாவுக்குத்தான், இருப்பவர்கள் போய் வரலாம். பையன் தர்ப்பணத்தை முடித்துவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பினான். இந்த மூன்று பத்திக் காகிதத்தை வரி, விசா, போர் எதற்கும் போடலாம். அமைச்சர் வாய்க்கும் ஆணைக்கும் இடையில் ஒரு நாளாவது விடுங்கள்.

குரூப்பில் சண்டை ஓய்ந்துவிட்டதா என்றால் இல்லை. சான் ஓசேயில் இருக்கும் தங்கை மகளுக்குக் குடியுரிமை உண்டு, ஓட்டு உண்டு, மாதம் ஒரு வரிகூட எழுத மாட்டாள். ஓட்டே இல்லாத அக்கா மகனும் நானும்தான் அடித்துக்கொள்கிறோம். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: அவன் எனக்கு நியூயார்க் டைம்ஸிலிருந்து மட்டும்தான் அனுப்பலாம், நான் அவனுக்கு ஃபாக்ஸிலிருந்து மட்டும்தான் அனுப்பலாம். அனுப்பும் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

அடுத்தது 2026 நவம்பர் 3, அதிபருக்கு இல்லை, நாடாளுமன்றத்துக்கு. ஆனாலும் அது டிரம்ப் ஆட்சி மீதான ஓட்டு என்றுதான் எல்லா சேனலும் பேசும். முதல் வாக்குச்சாவடிகள் மூடும்போது இங்கே புதன் விடியற்காலை நாலரை. அந்த ஞாயிறு தீபாவளி. டீக்கடை நாலு மணிக்கே திறந்துவிடும். இப்போது அங்கே ஒரே ஒரு பேப்பர்தான் வருகிறது, பெஞ்சில் எல்லோர் கையிலும் போன். அன்றைக்கு அந்த மடித்த போஸ்டரை எடுத்துக்கொண்டு போவேன்.